பெட்டிக் காசு யார் தலையில்? நெகிழிக் குறைப்பும் பெருந்தொற்றில் தவித்த சிறு உணவுக் கடைகளும்

வாழையிலையில் பரிமாறும் மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இலை போதும். சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்துக் குப்பையில் போட்டால் அது மண்ணோடு மண்ணாகிவிடும். அதே சாப்பாட்டை வீட்டிற்குக் கட்டிக் கொடுக்கும்போது நிலைமை மாறுகிறது. சோற்றுக்கு ஒரு பெட்டி, சாம்பாருக்கு ஒரு பை, ரசத்துக்கு ஒரு பை, கோழிக் குழம்புக்கு ஒரு பை, மூன்று காய்கறிகளுக்கு மூன்று சின்னப் பைகள், அப்பளத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிச் செல்ல மேலும் ஒரு பை. ஒரே ஒருவர் சாப்பிட ஒன்பது நெகிழிப் பொருள்கள் தேவைப்படுகின்றன.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாட்டின் எல்லா உணவகங்களும் ஒரே நாளில் இப்படிப் பொட்டலம் கட்டும் கடைகளாக மாறின. அமர்ந்து சாப்பிட அனுமதியில்லை. வாங்கிச் செல்லலாம், இல்லையென்றால் வீட்டிற்கு வரவழைக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழியைக் குறைக்க மாநிலங்கள் பத்தாண்டுகளாக எடுத்துவந்த முயற்சி, கடையைத் திறந்து வைக்கவே திணறிக்கொண்டிருந்த சிறு வியாபாரிகளின் வாசலில் வந்து நின்றது.

சுற்றுச்சூழலா, பிழைப்பா என்று அந்த நாள்களில் பலரும் பேசினார்கள். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. மாற்றுப் பொருளுக்கு ஆகும் கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை காணாமலேயே விதி எழுதப்பட்டதுதான் சிக்கலின் வேர்.

விதிகள் வந்த வழி

மலேசியாவில் நெகிழிப் பைகளுக்கு எதிரான இயக்கத்தை முதலில் தொடங்கிய மாநிலம் பினாங்கு. 2009 ஜூலையில் வாரத்தில் ஒரு நாள் இலவசப் பை கிடையாது என்று அறிவித்தது. 2010இல் அது வாரத்தில் மூன்று நாளானது. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் அந்த விதி நடப்புக்கு வந்தது. பை வேண்டுமென்றால் வாடிக்கையாளர் 20 சென் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த பணம் பரம ஏழைகளுக்கு உதவும் நிதிக்குப் போனது. பின்னாளில் பினாங்கில் இந்தக் கட்டணம் 1 வெள்ளியாக உயர்ந்தது.

சிலாங்கூர் 2010இல் சனிக்கிழமைகளில் மட்டும் இலவசப் பையை நிறுத்தியது. 2017 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் 20 சென் கட்டணம் என்றானது. உணவு கட்டும் வெள்ளை நிறப் பாலிஸ்டைரீன் பெட்டிகளுக்கும் அப்போதே தடை வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில், பைகளும் உணவுப் பெட்டிகளும் மக்கும் தன்மை கொண்டவையாக இருக்க வேண்டும் என்ற விதி 2017 செப்டம்பர் முதல் அமலாக்கம் கண்டது. 2019இல் நெகிழி உறிஞ்சு குழல்களின் மீதும் அங்கும் சிலாங்கூரிலும் கட்டுப்பாடு வந்தது.

2018இல் மத்திய அரசாங்கம் 2018 முதல் 2030 வரைக்குமான தேசியத் திட்ட வரைவை வெளியிட்டது. 2030க்குள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழியை முற்றாக ஒழிப்பது அதன் இலக்கு. மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட திட்டத்தின் முதற்கட்டம் 2021 வரை. ஆக, முதற்கட்டத்தின் நடுவிலேயே பெருந்தொற்று வந்துவிட்டது.

மத்திய அரசாங்கம் வழியைச் சொன்னாலும், கடைகளில் விதியைச் செயல்படுத்துவது மாநிலங்களும் ஊராட்சி மன்றங்களும்தான். உணவுக் கடை, ஒட்டுக்கடை, இரவுச் சந்தைக் கடை ஆகியவற்றுக்கு உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றம் என்பதால், உரிம நிபந்தனையாகவே பல தடைகள் வந்தன. இதனால்தான் ஒரு மாநிலத்தில் தடை செய்யப்பட்ட பெட்டி, எல்லை தாண்டிய அடுத்த ஊரில் தாராளமாகக் கிடைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் சந்தைக்குப் போய் வரும் வியாபாரிக்கு இது பெரிய குழப்பம்.

பை வேறு, பெட்டி வேறு

இந்த விதிகளை எல்லாரும் 'பிளாஸ்டிக் தடை' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவை இரு வகைப்பட்டவை.

பைக் கட்டணம் என்பது வாடிக்கையாளர் தரும் பணம். பேரங்காடியில் 20 சென் கேட்கும்போது அவர் யோசிக்கிறார். அடுத்த முறை வீட்டிலிருந்து துணிப்பை கொண்டு வருகிறார். கடைக்காரருக்கு இதில் நட்டமில்லை, சொல்லப்போனால் பை வாங்கும் செலவு குறைகிறது.

பெட்டித் தடை அப்படியல்ல. மலிவான பாலிஸ்டைரீனை விட்டுவிட்டு, கரும்புச் சக்கையிலோ சோள மாவிலோ செய்த பெட்டிக்கோ, தடிப்பான காகிதப் பெட்டிக்கோ மாற வேண்டியவர் கடைக்காரர். அவை பாலிஸ்டைரீனைவிட விலை கூடியவை. அந்தக் கூடுதல் விலை வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாசி லெமாக்கின் விலையை 20 சென் ஏற்றினால் மட்டும் உடனே தெரிகிறது. பக்கத்துக் கடையில் ஏற்றவில்லை என்றால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். எனவே பெரும்பாலான சிறு கடைகள் அந்தச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டன.

பெருந்தொற்றுக்கு முன்பு இது சமாளிக்கக்கூடிய சுமைதான். பத்துப் பேர் சாப்பிட வந்தால் இரண்டு மூன்று பேர்தான் கட்டித் தரச் சொல்வார்கள். மற்றவர்களுக்குத் தட்டும் இலையும் போதும். நடமாட்டக் கட்டுப்பாடு அந்தச் சமநிலையைக் கவிழ்த்தது. மக்கள் பேரங்காடிக்குப் போவது குறைந்தது, உணவைக் கட்டி வாங்குவது கூடியது. அதாவது, வாடிக்கையாளர் காசு கொடுக்கும் நெகிழியிலிருந்து கடைக்காரர் காசு கொடுக்கும் நெகிழிக்குப் பயன்பாடு இடம் மாறியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

எடுத்துக்காட்டாக, தாமான் ஒன்றில் ஒரு குடும்பம் நடத்தும் சிறு கடையை எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் தொகைகள் விளக்கத்திற்காக மட்டுமே.

அந்தக் கடையில் ஒரு நாளில் 120 பேர் சாப்பிடுகிறார்கள். அவர்களில் 40 பேர் கட்டி வாங்குகிறார்கள். பழைய பெட்டி 10 சென், மாற்றுப் பெட்டி 30 சென் என்று வைத்தால், நாளொன்றுக்குப் பெட்டிச் செலவு 12 வெள்ளி. மாதம் 26 நாள் கடை திறந்தால் 312 வெள்ளி.

நடமாட்டக் கட்டுப்பாட்டில் வாடிக்கையாளர் எண்ணிக்கை 80ஆகக் குறைகிறது. விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிட்டது. ஆனால் வரும் 80 பேருமே கட்டித்தான் வாங்க வேண்டும். பெட்டிச் செலவு நாளுக்கு 24 வெள்ளி, மாதத்திற்கு 624 வெள்ளி. வருமானம் இறங்கும்போது பெட்டிச் செலவு இரட்டிப்பாகிறது. குழம்புப் பை, கரண்டி, ரப்பர் வளையம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

வீட்டுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளில் சேர்ந்தால் விற்பனை கூடும். ஆனால் அவற்றின் தரகு 30 விழுக்காடு வரை போனது. 10 வெள்ளிச் சாப்பாட்டில் 3 வெள்ளி வரை அதற்கே போய்விடும். மிச்சத்தில்தான் அரிசி, எரிவாயு, வாடகை, சம்பளம், பெட்டி எல்லாம்.

அரசாங்கம் உதவாமல் இல்லை. 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்கு வங்கிக் கடன் தவணை ஒத்திவைக்கப்பட்டது. பிரிஹாத்தின் திட்டத்தின்கீழ் ஊதிய உதவித் தொகை வழங்கப்பட்டது. குறுந்தொழில்களுக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியமும் அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன கடையின் கணக்கில் பார்த்தால், அந்த 3,000 வெள்ளி வெறும் பெட்டிச் செலவுக்கே ஐந்து மாதத்திற்குள் கரைந்துவிடும். பதிவோ உரிமமோ இல்லாமல் வீட்டிலிருந்தே சமைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கிப் பிழைத்தவர்களுக்கு அந்த மானியத்தின் கதவும் எளிதில் திறக்கவில்லை.

திறந்து மூடிய கதவுகள்

சிறு கடைகளை வாட்டியது நிச்சயமின்மை. முதல் கட்டுப்பாட்டில் 47 நாள்கள் கட்டிக் கொடுப்பது மட்டும்தான். 2020 மே 4 முதல் நிபந்தனைகளுடன் அமர்ந்து சாப்பிட அனுமதி வந்தது, சில மாநிலங்கள் அதையும் தள்ளிப்போட்டன. 2021 ஜனவரி 13இல் மீண்டும் கட்டுப்பாடு. பிப்ரவரி 10 முதல் மேசைக்கு இருவர் என்ற தளர்வு. மே 12 முதல் மறுபடியும் நாடு முழுக்க அமர்ந்து சாப்பிடத் தடை. கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் இரு தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டவர்கள் மீண்டும் உணவகத்தில் உட்கார ஆகஸ்டு 20 ஆகிவிட்டது. ஏறத்தாழ 100 நாள்.

பெட்டியை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் அடுத்த வாரம் என்ன அறிவிப்பு வரும் என்று தெரியாத கடைக்காரர் எந்தத் துணிச்சலில் பத்தாயிரம் பெட்டி வாங்குவார்? கையிருப்பில் பணமும் இல்லை, அடுக்கி வைக்க இடமும் இல்லை. நூறு நூறாகச் சில்லறையில்தான் வாங்கினார். பல கிளைகள் கொண்ட உணவக நிறுவனங்கள் தங்கள் பெயர் அச்சடித்த காகிதப் பெட்டிகளை லட்சக்கணக்கில் மலிவாக வாங்க முடிந்தது. ஒரே விதிக்கு உட்பட்ட இருவரில் சிறியவர்தான் பெட்டி ஒன்றுக்கு அதிக விலை கொடுத்தார்.

கிருமி பயமும் உண்மையும்

பெருந்தொற்றின் தொடக்கத்தில், சொந்தப் பாத்திரம் கொண்டு வந்த வாடிக்கையாளர்களைப் பல கடைகள் திருப்பி அனுப்பின. பெரிய காப்பிக் கடை நிறுவனங்களே சொந்தக் குவளைகளை வாங்க மறுத்தன. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, கிருமி பல்வேறு பரப்புகளில் எவ்வளவு நேரம் உயிர்ப்புடன் இருக்கும் என்று சோதித்தது.

ஆனால் அந்த ஆய்வின் முழு முடிவைப் பலர் கவனிக்கவில்லை. கிருமி நீண்ட நேரம் தங்கிய பரப்புகளில் நெகிழியும் ஒன்று. நெகிழியிலும் துருப்பிடிக்காத எஃகிலும் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24 மணி நேரம் வரை அது தாக்குப்பிடித்தது. புதிய நெகிழிப் பெட்டி என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை.

2020 ஜூனில் பல நாடுகளைச் சேர்ந்த 100க்கும் மேற்பட்ட மருத்துவ, அறிவியல் வல்லுநர்கள் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு முறையாகக் கழுவிய பாத்திரங்களை மீண்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானதே என்று அதில் சொன்னார்கள். 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பரப்புகள் வழியாகத் தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெளிவுபடுத்தியது. கோவிட்-19 பெரும்பாலும் காற்று வழியாகவும் நெருங்கிப் பேசும்போதும் பரவியது. ஆனால் அதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. சொந்தப் பாத்திரம் கொண்டு வரும் பழக்கம், வேர் பிடிக்கத் தொடங்கிய இடங்களிலும் உதிர்ந்துவிட்டது.

மலை போல் சேர்ந்த கழிவு

பெருந்தொற்றுக்கு முன்பே மலேசியாவின் நிலை நன்றாக இல்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை ஆறு ஆசிய நாடுகளை ஒப்பிட்டது. சீனா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகியவற்றைக் காட்டிலும், தலைக்கு அதிகமாக நெகிழிப் பொட்டலப் பொருள் பயன்படுத்துவது மலேசியர்களே என்று அது கூறியது. ஆண்டுக்கு ஒருவருக்கு 16.78 கிலோகிராம். 2020இல் நாட்டின் மறுசுழற்சி விகிதம் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். 2025க்குள் 40 விழுக்காட்டை எட்டுவது இலக்காக வைக்கப்பட்டது.

குழம்பு ஒட்டிய பெட்டியையும் பையையும் மறுசுழற்சி செய்வது கடினம். பாலிஸ்டைரீன் எடையே இல்லாதது, ஒரு லோரி நிறைய ஏற்றினாலும் பழைய பொருள் வியாபாரிக்குக் கூலிகூடத் தேறாது. அது காற்றில் பறந்து, கால்வாயில் மிதந்து, துண்டு துண்டாக உடைந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. போதாக்குறைக்கு 2020இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. நெகிழி எண்ணெயிலிருந்து வருவதால் புதிய நெகிழி மலிவானது, பழையதை வாங்கிச் சுத்தம் செய்து விற்பவர்களின் தொழில் படுத்தது.

அண்டை நாடுகளிலும் இதே நிலைதான். பாங்காக் நகரில் 2020 ஏப்ரலில் நெகிழிக் கழிவு முந்தைய ஆண்டைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. சிங்கப்பூரில் இரண்டு மாதம் நீடித்த நோய்ப் பரவல் முறியடிப்புக் காலத்தில் வாங்கிச் சென்ற உணவாலும் வரவழைத்த உணவாலும் மட்டும் கூடுதலாக 1,334 டன் நெகிழிக் கழிவு சேர்ந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

சில அரசாங்கங்கள் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தின. இங்கிலாந்தில் இணையம் வழி வாங்கும் மளிகைப் பொருள்களுக்கான பைக் கட்டணம் 2020 மார்ச் முதல் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அங்கே 2020 ஏப்ரலில் வரவிருந்த உறிஞ்சு குழல் தடை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஆனால் கைவிடப்படவில்லை. 2021 மே மாதம் பைக் கட்டணமே 5 பென்ஸிலிருந்து 10 பென்ஸாக உயர்ந்தது. தளர்வுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருந்தால், நெருக்கடி முடிந்ததும் கொள்கை பழைய பாதைக்குத் திரும்பலாம் என்பதற்கு இது சான்று.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 2023 ஜூலை 3 முதல் அங்கே பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். ஆனால் அது எல்லாக் கடைகளுக்கும் அல்ல. ஆண்டு விற்பனை 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்களுக்கு மட்டும்தான். அங்காடிக் கடைக்காரரும் பேட்டைக் கடைக்காரரும் அந்தக் கட்டாயத்தில் இல்லை. கொள்கையை முதலில் தாங்கும் சக்தி உள்ளவரிடமிருந்து தொடங்குவது என்பது அதன் பொருள்.

மலேசியாவில் 2021 டிசம்பரில் வெளியான நெகிழி நிலைத்தன்மைத் திட்ட வரைவும் அந்தத் திசையைக் காட்டியது. பொட்டலப் பொருளைச் செய்து விற்கும் நிறுவனமே, அது கழிவான பிறகும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கருத்து. அது முழுமையாக நடப்புக்கு வரும்போது, பெட்டிச் செலவின் ஒரு பகுதியாவது ஒட்டுக்கடையிலிருந்து தொழிற்சாலைக்கு நகரும்.

'மக்கும்' என்று எழுதியிருந்தால் போதுமா?

விலை கொடுத்து மாற்றுப் பெட்டி வாங்கும் கடைக்காரர் ஏமாறக் கூடாது. சந்தையில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒன்றல்ல.

கரும்புச் சக்கைப் பெட்டி: கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரிலிருந்து செய்வது. சூட்டைத் தாங்கும். மண்ணில் மக்கும்.

சோள மாவிலிருந்து செய்யும் தாவர நெகிழி: பார்வைக்கு நெகிழி போலவே இருக்கும். இதில் பெரும்பாலானவை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் உள்ள உரத் தொழிற்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். குப்பைமேட்டிலும் கடலிலும் நீண்ட காலம் அப்படியே கிடக்கும்.

வேதிப்பொருள் கலந்து சிதையும் நெகிழி: 'பசுமை' என்ற பெயரில் விற்கப்படும் சில பைகள் இந்த வகை. இவை மக்குவதில்லை. பொடிப்பொடியாக உடைந்து நுண்நெகிழியாக மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன.

பழுப்புக் காகிதம்: நாசி லெமாக்கும் மீ கோரெங்கும் மடிக்கும் காகிதத்தின் உட்புறம் பளபளப்பாக இருந்தால் அதில் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. பழைய காகிதத்தோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்ப இயலாது.

நெகிழிப் பெட்டிதான் வேண்டும் என்றால், அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 5 என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். சூட்டைத் தாங்கும், கழுவிப் பல முறை பயன்படுத்தலாம். 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன். கொதிக்கும் குழம்புக்கு அது ஏற்றதல்ல.

செலவு குறைய, குப்பையும் குறைய

சிறு கடைகளுக்குப் பயன்படக்கூடிய வழிகள் சில உண்டு. இவற்றில் பல நம் பெரியவர்களுக்குப் புதியவை அல்ல. பால்மரம் வெட்டப் போனவர்கள் விடியற்காலையில் தூக்குச்சட்டியில்தான் சாப்பாடு கொண்டு போனார்கள்.

முதலாவது, சொந்தப் பாத்திரத்துக்குக் கழிவு. மேலே சொன்ன கணக்கில் 80 வாடிக்கையாளர்களில் 20 பேர் பாத்திரம் கொண்டு வந்தால் நாளுக்கு 6 வெள்ளி, மாதம் 156 வெள்ளி மிச்சம். அதில் பாதியை வாடிக்கையாளருக்கே விலைக் கழிவாகக் கொடுத்தாலும் கடைக்கு 78 வெள்ளி நிற்கும். கடையின் முன்னால் ஓர் அட்டையில் எழுதி மாட்டினால் போதும்.

இரண்டாவது, கேட்டுக் கொடுப்பது. உறிஞ்சு குழல், கரண்டி, முட்கரண்டி, சம்பல் பை ஆகியவற்றைத் தானாகப் போடாமல், கேட்டால் மட்டும் கொடுக்கலாம். வீட்டில் சாப்பிடுபவருக்கு நெகிழிக் கரண்டி எதற்கு? உணவுச் செயலிகளிலும் கரண்டி வேண்டாம் என்று குறிக்கும் வசதி உண்டு.

மூன்றாவது, பைகளைக் குறைத்துக் கட்டுவது. காய்கறிகளை வாழையிலைத் துண்டில் வைத்துச் சோற்றுப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் மூன்று பைகள் மிச்சம். "அண்ணே, குழம்பைச் சோத்து மேலயே ஊத்திடுங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால் இன்னொன்று மிச்சம்.

நான்காவது, கூட்டாக வாங்குவது. ஒரே வரிசையில் இருக்கும் ஐந்தாறு கடைகள் சேர்ந்து மாதம் ஒருமுறை மொத்தமாகப் பெட்டி வாங்கினால் சில்லறை விலையிலிருந்து தப்பலாம். உணவக உரிமையாளர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் இதை முன்னின்று நடத்த முடியும். விதியைத் தளர்த்தும்படி கோருவதோடு, பெட்டி விலையைக் குறைக்க மானியம் கேட்பதும் அவற்றின் வேலைதான்.

ஐந்தாவது, முன்பணம் வாங்கிப் பாத்திரம் கொடுப்பது. தினமும் வரும் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் அலுவலகத்தினருக்கும் அடுக்குச் சட்டியில் சாப்பாடு கொடுத்து, மறுநாள் காலிச் சட்டியைத் திரும்பப் பெறலாம். மாதச் சாப்பாடு போடும் கடைகளுக்கு இது பொருந்தும்.

கோயில்களும் மண்டபங்களும்

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. நம் சமுதாயத்தில் ஒரே நாளில் மிக அதிகமாகத் தட்டும் குவளையும் பயன்படுத்துவது திருவிழா அன்னதானங்களும், தண்ணீர்ப் பந்தல்களும், திருமண மண்டபங்களும்தான். தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையில் சாலையோரங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கோயில் நிர்வாகம் ஆண்டு முழுவதற்கும் கரும்புச் சக்கைத் தட்டுகளை மொத்தமாக வாங்கினால், அந்த ஊரில் அதை விற்கும் வியாபாரிக்கு நிலையான சந்தை கிடைக்கும், விலையும் இறங்கும். பக்கத்தில் இருக்கும் ஒட்டுக்கடையும் அதே விலைக்கு வாங்க முடியும்.

மிஞ்சிய பாடம்

இன்று உணவகங்களில் மேசைகள் நிறைந்துவிட்டன. ஆனால் கட்டி வாங்கும் பழக்கமும் கைப்பேசியில் ஆர்டர் செய்யும் பழக்கமும் பெருந்தொற்றோடு போய்விடவில்லை. எனவே பெட்டிச் செலவும் பெட்டிக் கழிவும் முடிந்துபோன விவகாரங்கள் அல்ல. விலைவாசி ஏறும் ஒவ்வொரு முறையும், ஊராட்சி மன்றம் புதிய விதியை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் இதே கேள்வி திரும்ப வரும்.

அடுத்த விதி எழுதப்படும்போது மூன்று விஷயங்கள் அதில் இருந்தாக வேண்டும். எல்லா மாநிலங்களிலும் ஒரே விதி. சிறு கடைக்கு எட்டும் விலையில் மாற்றுப் பொருள். நெருக்கடிக் காலத்தில், முடிவுத் தேதியோடு கூடிய தளர்வு. இவை இல்லாமல் தடையை மட்டும் போட்டால், அதைச் சுமப்பவர் மறுபடியும் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டும் கடைக்காரராகத்தான் இருப்பார்.

வாடிக்கையாளர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது வீட்டு அலமாரியில் சும்மா இருக்கும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகலாம். கடைக்காரருக்கு ஒரு பெட்டிக் காசு மிச்சமாகும், ஊருக்கு ஒரு பெட்டிக் குப்பை குறையும்.